பிறைக்குக் கீழே நின்ற வெளிச்சம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ரமலான் மாசம் இருபத்தொன்பதாவது நோன்பு அன்னைக்கு சாயங்காலம், மாடம்பாக்கத்துல எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடியில ஆரம்பிச்சது இது.

எங்களோடது சின்ன அபார்ட்மென்ட். மூணு மாடி, ஆறு வீடு. நாங்க மேல் மாடி. என் வீட்டுக்காரர் ராஜகீழ்ப்பாக்கத்துல ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். பாதி நேரம் கல்லாவுல நான்தான் இருப்பேன். பைப்பு, பெயிண்ட் வாங்க வர்றவங்ககிட்ட பேசிப் பேசி எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு எங்க மாமியார் சொல்வாங்க. சொல்றவங்க வாய் ஒண்ணும் குட்டை இல்ல, அது வேற விஷயம்.

அன்னைக்கு நோன்பு தொறந்த கையோட பிறை பார்க்கறது எங்க வீட்டுல பெரிய வேலை. பிறை தெரிஞ்சா மறுநாள் பெருநாள். தெரியலைன்னா இன்னொரு நோன்பு. பேரீச்சம்பழத்தைக் கடிச்சு, ரெண்டு வாய் கஞ்சி குடிச்சு, தொழுதுட்டு மாடிக்கு ஓடணும். அங்க எங்களுக்குன்னு ஒரு சட்டம் உண்டு. முதல்ல பார்த்தவங்க "அதோ"ன்னு கை காட்டக் கூடாது. கை காட்டிட்டா பக்கத்துல நிக்கறவங்களுக்கு மேகம்கூட பிறையாத்தான் தெரியும். அதனால வாயை மூடிக்கிட்டு நிக்கணும். எல்லாரும் பார்த்தாச்சுன்னு சொன்ன பிறகு, எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், கொம்பு எப்படி இருந்துச்சுன்னு ஒவ்வொருத்தரா தனித்தனியா சொல்லணும். எல்லாம் ஒத்துப்போனாத்தான் பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு ஃபோன் போகும். அங்கேயும் இதையேதான் குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்க.

எங்க மாடியில மேற்கே பார்த்து நின்னா நேர் எதிர்ல தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கம். ரன்வே எல்லாம் தெரியாது, மரக்கூட்டமும் ஒரு உயரமான கம்பமும்தான் தெரியும். பகல் பூரா ட்ரெய்னிங் விமானம் சுத்திக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தம் எங்களுக்கு மிக்சி சத்தம் மாதிரி பழகிப் போச்சு.

அன்னைக்கு வானம் சுத்தமா இருந்துச்சு. நான், மாமியார், காலேஜ் படிக்கற என் பொண்ணு, மூணு பேரும் கைப்பிடிச் சுவர் ஓரமா நின்னோம். வீட்டுக்காரர் பள்ளிவாசல்ல இருந்தார். கொஞ்ச நேரத்துல எனக்குப் பிறை தெரிஞ்சுடுச்சு. வெட்டிப்போட்ட நகம் மாதிரி மெல்லிசா இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன். அப்பத்தான் அதுக்குக் கீழே, கொஞ்சம் இடது பக்கமா, இன்னொண்ணையும் பார்த்தேன்.

சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு வெளிச்சம். நட்சத்திரத்தை விடப் பெருசு. மினுக்கல, சத்தம் இல்ல. விமானம்னா நகரணும், இது ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. அதைச் சுத்தி வெள்ளையா புகை மாதிரி ஒரு வளையம் வேற. என் பொண்ணு என் கையை இறுக்கிப் பிடிச்சா. அவளுக்கும் தெரியுதுன்னு புரிஞ்சுது. ஆனாலும் சட்டத்தை மீறி ரெண்டு பேரும் பேசல. மாமியார்தான் பொறுமை போய், பிறை ஒண்ணுதானே இருக்கணும், கீழே அது என்னடின்னு கேட்டாங்க.

நான் ஃபோனை எடுத்து வீடியோ எடுத்தேன். சூடான கஞ்சி குடிக்கற பதத்துக்கு ஆறுற நேரம் அது அங்கேயே நின்னிருக்கும். அப்புறம் மங்கி, மெதுவா சரிஞ்சு, மரங்களுக்குப் பின்னாடி போயிடுச்சு. பார்க்கறதுக்கு நேரா ஏர்ஃபோர்ஸ் உள்ளேயே இறங்கின மாதிரி இருந்துச்சு.

கீழே வந்து வீடியோவை எங்க குடும்ப குரூப்ல போட்டேன். கூடுவாஞ்சேரியில இருக்கற என் தங்கச்சி உடனே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா. அவளும் அவ வீட்டு மாடியில அதே நேரத்துல பிறைக்குக் கீழே அதைப் பார்த்தாளாம், என்னவா இருக்கும்னு கேட்டா. எங்க யாருக்கும் தெரியல. மறுநாள் பெருநாள்னு அறிவிச்சுட்டாங்க. நான் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க உக்காந்துட்டேன். வெளிச்சம் மறந்தே போச்சு.

ஆனா என் பொண்ணு அந்த வீடியோவை ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தா. அதை எவனோ எடுத்து, "தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் மேலே பறக்கும் தட்டு"ன்னு தலைப்புப் போட்டு ஊர் பூரா அனுப்பிட்டான். காலையில தொழுகை முடிஞ்சு ஃபோனைப் பார்த்தா, முன்ன பின்ன தெரியாதவங்க எல்லாம் எங்க மாமியார் "பேசாம பாருங்கடி"ன்னு அதட்டற குரலைக் கேட்டு சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. மாமியாருக்கு ஒரே பெருமை. நான் கீழே வந்த கமென்ட்டுகளைப் படிச்சேன். வேற்றுக்கிரகவாசி பிரியாணி சாப்பிட வந்திருக்கான்னு எழுதினவங்க பரவாயில்ல. இந்த வீட்டுக்காரங்க எதுக்கு ஏர்ஃபோர்ஸை நோக்கி வீடியோ எடுக்கறாங்கன்னு சில பேர் கேட்டிருந்தாங்க. அது வேடிக்கைக்குக் கேட்ட மாதிரி தெரியல.

மத்தியானம், வீடு நிறைய விருந்தாளி இருக்கறப்ப, காலிங் பெல் அடிச்சுது. கதவைத் தொறந்தா ஒரு சப்-இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னாடி நீல யூனிஃபார்ம்ல ரெண்டு பேர், ஏர்ஃபோர்ஸ். ஒருத்தங்க லேடி ஆபீசர், முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கூட வந்தவர் கொஞ்சம் வயசானவர். உள்ளே சிரிப்பும் பேச்சுமா இருந்த வீடு அப்படியே அடங்கிப் போச்சு.

"ஏம்மா, நீதான் அந்த வீடியோ எடுத்ததா?"ன்னு சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆமான்னேன். ஏன் ஏர்ஃபோர்ஸ் பக்கம் ஃபோனைத் திருப்பினேன்னு அடுத்த கேள்வி. பிறை மேற்கேதான் சார் வரும், நாங்க கேட்டுக்கிட்டா கிழக்கே வராதுன்னு சொல்லிட்டேன். என் வீட்டுக்காரர் என்னை முறைச்ச முறையில நானே வெந்திருப்பேன். லேடி ஆபீசர் மட்டும் லேசா உதட்டைக் கடிச்சாங்க, சிரிப்பா கோவமான்னு தெரியல.

ஃபோனை வாங்கி வீடியோவைப் பார்த்தாங்க. அபார்ட்மென்ட் குரூப்பையும் பார்த்தாங்க. அங்கதான் வினை. அதுக்கு முந்தின மாசம் நானே அதுல ஒரு மெசேஜ் போட்டிருந்தேன். எங்களுக்கு நேர் கீழ் வீட்டுல ஒரு தம்பி இருக்கார், கல்யாணத்துக்கு ஃபோட்டோ, வீடியோ எடுக்கறவர். அவர் ஒரு நாள் மாடியில ட்ரோன் ஓட்டிப் பார்த்தார். நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கறப்ப அது என் தலைக்கு மேலே வந்து ஙொய்ங்னு நின்னுச்சு. பொம்பளைங்க புழங்கற இடத்துல இதென்ன கூத்துன்னு காய்ச்சி எடுத்து குரூப்ல எழுதிட்டேன். அதுல இருந்து எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல. படியில பார்த்தா அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் திரும்பிக்குவோம்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு அந்த மெசேஜைப் படிச்சதும் முகமே மாறிப் போச்சு. நேரா கீழே இறங்கிட்டாங்க. அந்தத் தம்பி முதல் நாள் திருமுடிவாக்கத்துல ஏதோ ஒரு புது ஒர்க்‌ஷாப் திறப்பு விழாவுக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தாராம். ட்ரோன் பையில இருந்துச்சு. பிறை தெரிஞ்ச நேரத்துல பைக்ல தனியா திரும்பி வந்துக்கிட்டு இருந்தேன்னார். அதுக்கு சாட்சி யாரும் இல்ல. அந்த ட்ரோனும் கடையில வாங்கினது இல்ல, பார்ட்ஸ் வாங்கி அவரே பூட்டினது. அதுல எப்ப பறந்துச்சுன்னு எந்தப் பதிவும் கிடையாதாம். ஏர்ஃபோர்ஸ் பக்கத்துல இருக்கற எங்க ஏரியாவுல அனுமதி இல்லாம அதைப் பறக்கவிடறதே குத்தம். அவரையும் ட்ரோனையும் ஜீப்புல ஏத்திட்டாங்க. நான் பால்கனியில இருந்து பார்த்துக்கிட்டே நின்னேன். ஏறும்போது அந்தத் தம்பி ஒரு தடவை நிமிர்ந்து மேலே பார்த்தார். நான் சட்டுனு உள்ளே வந்துட்டேன்.

போறதுக்கு முன்னாடி லேடி ஆபீசர் திரும்ப என்கிட்ட வந்தாங்க. சாயங்காலம் அதே நேரத்துக்கு மாடிக்கு வருவாங்களாம், நானும் மாமியாரும் பொண்ணும் இருக்கணுமாம். நான் சொல்றதை எழுதி எடுத்துக்கணும், யோசிச்சு வைங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அப்புறம் விருந்து எங்கே நடக்கும்? ஒவ்வொருத்தரா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அபார்ட்மென்ட் செக்ரட்டரி சார் மட்டும் மேலே வந்தார். ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். அது ட்ரோன்தான்னு சொல்லிடுங்கம்மா, அத்தோட முடிஞ்சுடும், இல்லைன்னா விசாரணை உங்க பக்கம் திரும்பும், காலம் எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததான்னார். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பதினேழு வருஷமா இந்த பில்டிங்ல இருக்கோம். தண்ணி லாரி வந்தா கீழே போய் நிக்கறது நான். அவங்க வீட்டுக் குழாய் ஒழுகினா ஓடறது என் வீட்டுக்காரர். ஒரு வீடியோவுல நாங்க வேற ஆளாயிட்டோமான்னு கேக்கத் தோணுச்சு. கேக்கல. அவர் சொன்னது பொய்யும் இல்லையே, அதுதான் இன்னும் வலிச்சுது.

அவர் போனதும் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். நமக்கு எதுக்கு வம்பு, ட்ரோன் மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிட்டு விலகிடலாம், அதுவாத்தான் இருக்கும்னார். சொல்லப்போனா எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. திமிர் பிடிச்ச ஆளு, செஞ்சாலும் செஞ்சிருப்பான்னு மனசு சொல்லுச்சு. ட்ரோன்னு சொல்லிட்டா நாங்க தப்பிச்சோம். என் பொண்ணு அடுத்த வருஷம் வேலைக்குப் போகணும், போலீஸ் வெரிஃபிகேஷன்னு வந்தா இந்தக் கேஸ் குறுக்கே நிக்கக் கூடாது. பெத்தவளுக்கு முதல்ல அதுதானே ஓடும்.

அப்ப கதவு தட்டற சத்தம். அந்தத் தம்பியோட மனைவி. ஏழு மாசம் வயித்துல. படியேறி வந்ததுல மூச்சு வாங்குது. சொந்தக்காரங்க எல்லாம் வெளியூர்ல, ஸ்டேஷனுக்குப் போனா உள்ளே விடல, வீட்டுல தனியா உக்காந்திருக்க பயமா இருக்குதுன்னு சொன்னா. மாமியார் கையைப் பிடிச்சு உக்கார வச்சு பாயாசம் கொடுத்தாங்க. அவ கிண்ணத்தைக் கையிலேயே வச்சிருந்தா, குடிக்கல. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தா.

"அக்கா, அவர் பறக்கவிட்டதை நீங்க பார்த்தீங்களா?"

"பாக்கல."

"அப்ப அதை மட்டும் சொல்லுங்கக்கா. வேற எதுவும் எங்களுக்காக நீங்க சொல்ல வேணாம்."

அழுதிருந்தாகூட நான் தாங்கியிருப்பேன். அவ அழல. நான் சமையல் ரூமுக்குப் போய் சும்மா பாத்திரத்தை உருட்டிக்கிட்டு நின்னேன். பாக்கலைன்னு மட்டும் சொன்னா அவரை விட்டுடுவாங்களா? மாட்டாங்க. அப்பத்தான் தங்கச்சி அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஞாபகம் வந்துச்சு. அவளும் பார்த்திருக்கா. இன்னொரு சாட்சி இருந்தா நல்லதுன்னு மட்டும்தான் எனக்குப் புரிஞ்சுது, அது எப்படி உதவும்னு தெரியாது.

ஃபோன் போட்டேன். எடுத்தது தங்கச்சி வீட்டுக்காரர். துபாய்ல வேலை, பெருநாளுக்கு லீவுல வந்திருந்தார், அடுத்த வாரம் திரும்பணும். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் கல்லு மாதிரி ஆயிடுச்சு. "அக்கா, உங்க கீழ் வீட்டுக்காரனுக்காக என் வீட்டுப் பேரை போலீஸ்ல எழுதச் சொல்றீங்களா?"ன்னார். ஏர்போர்ட்ல நிறுத்தி வச்சாங்கன்னா என் வேலை போச்சு, நீங்க சோறு போடுவீங்களான்னு கேட்டுட்டு வச்சுட்டார். கோவம் வந்துச்சு. ஆனா அவர் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

சாயங்காலம் சொன்ன மாதிரியே வந்துட்டாங்க. சப்-இன்ஸ்பெக்டர், லேடி ஆபீசர், அந்த வயசானவர். மாடிக்குப் போனதும் ஆபீசர் முதல் வேலையா எங்களைப் பிரிச்சுட்டாங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் காதுல விழக் கூடாதுன்னு மூணு பேரையும் கீழே அனுப்பினாங்க. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, நேத்து நின்ன இடத்துலேயே நிக்க வச்சு, எந்தப் பக்கம், பிறைக்கு மேலேயா கீழேயா, கையை நீட்டிப் பார்த்தா சுவருக்கு மேலே எத்தனை விரல் உயரம், யார் முதல்ல பார்த்தது, பார்த்தவங்க கை காட்டினாங்களான்னு கேட்டாங்க. மாமியார் கீழே வந்து, இந்த ஆபீசர் பொண்ணு நம்ம ஜமாஅத்துல பெரிய பதவிக்கு வரவேண்டியவன்னு என் காதுல சொன்னாங்க. சிரிக்கற நிலைமையில நான் இல்ல.

என் முறை கடைசி. எல்லாம் சொன்னேன். வயசானவர் எழுதிக்கிட்டே வந்தார். வானத்துல ரெண்டாம் நாள் பிறை கொஞ்சம் உயரமா ஏறி நின்னுச்சு. அதுக்குக் கீழே ஒண்ணுமே இல்ல. லேடி ஆபீசர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"நீங்க பார்த்தது ட்ரோன்னு நினைக்கறீங்களா மேடம்?"

சப்-இன்ஸ்பெக்டர் என் வாயையே பார்க்கறார். ஆமான்னு ஒரு வார்த்தை. சொல்லிட்டா நாங்க அஞ்சு நிமிஷத்துல கீழே போய் டீ குடிக்கலாம். கீழ் வீட்டு ஜன்னல்ல லைட்டு எரியறது பக்கத்துச் சுவர்ல விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பொண்ணு அங்கேதான் உக்காந்திருக்கா.

"அது என்னன்னு எனக்குத் தெரியாது. ட்ரோன்னு சொன்னா பொய். அவர் பறக்கவிட்டதை நான் பாக்கல"ன்னேன்.

சப்-இன்ஸ்பெக்டருக்குக் கோவம். குரூப்ல அப்படி எழுதியிருக்கியே, இப்ப இப்படிச் சொல்றியேன்னார். அன்னைக்குப் பார்த்தேன், அதனால எழுதினேன், நேத்து பாக்கல, அதனால சொல்றேன்னு சொன்னேன். வந்தது வரட்டும்னு அடுத்ததையும் சொல்லிட்டேன். இன்னொருத்தங்களும் பார்த்தாங்க, வேற ஊர்ல, ஆனா அவங்களைக் கேக்காம நான் பேரைச் சொல்ல மாட்டேன்னு.

லேடி ஆபீசர் நிமிர்ந்து, வேற ஊர்னா எந்த ஊர்னு மட்டும் கேட்டாங்க. அதைக்கூடச் சொல்ல பயந்துக்கிட்டு, ஒரு நிமிஷம் குடுங்கன்னு தங்கச்சிக்கு ஃபோன் போட்டேன். ரிங் போய்ட்டே இருக்கு. கட் ஆயிடுச்சு. திரும்ப அடிச்சேன், அதுவும் கட். எனக்கு அவமானமும் அழுகையுமா வந்துச்சு. சப்-இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். சரி, இத்தோட முடிச்சுக்கலாம்னு வயசானவர் ஃபைலை மூடப் போனார்.

அப்ப ஃபோன் அடிச்சுது. தங்கச்சி. படியேறின மூச்சு இரைக்குது. "அக்கா, மாடிக்கு வந்துட்டேன். அவர் கோவமாத்தான் இருக்கார், இருக்கட்டும். யார் பேசணும், அவங்ககிட்ட குடு"ன்னா. சின்ன வயசுல பல்லிக்குப் பயந்து என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சவ அவ. நான் ஸ்பீக்கர்ல போட்டுக் குடுத்துட்டேன்.

ஆபீசர் அவளுக்கு எதையும் எடுத்துக் கொடுக்கல. நேத்து என்ன பார்த்தீங்க, எங்கே பார்த்தீங்கன்னு மட்டும் கேட்டாங்க. தங்கச்சி எங்க வீட்டுப் பிள்ளையாச்சே, வரிசையாச் சொன்னா. மேற்கே பிறை, அதுக்குக் கீழே இடது பக்கம் சிவப்பா மஞ்சளா ஒண்ணு, சுத்தி வெள்ளையா வளையம், அப்புறம் கீழே சரிஞ்சு மறைஞ்சுது. விரல் கணக்குகூட நான் சொன்னதேதான்.

ஆபீசர் கொஞ்சம் நிறுத்தி, "நீங்க மேற்கே பார்த்து நிக்கறப்ப தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் உங்களுக்கு எந்தப் பக்கம்?"ன்னு கேட்டாங்க.

"அது எனக்கு வலது கைப் பக்கம், பின்னால. வண்டலூரைத் தாண்டில்ல இருக்கு. மேற்கே எப்படி வரும்?"னா தங்கச்சி.

எழுதிக்கிட்டு இருந்த வயசானவர் பேனாவை நிறுத்திட்டு ஆபீசரைப் பார்த்தார். எனக்கு ஒண்ணும் புரியல. சப்-இன்ஸ்பெக்டருக்கும்தான். ஆபீசர் எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்தே விளக்கினாங்க. அந்த வெளிச்சம் ஏர்ஃபோர்ஸ் மேலேயோ எங்க ஏரியா மேலேயோ இருந்திருந்தா, எங்களுக்கு மேற்கே தெரியும், கூடுவாஞ்சேரியில இருக்கறவங்களுக்கு வடக்கே தெரியணும். ரெண்டு ஊர்லயும் அது பிறைக்குப் பக்கத்துலேயே தெரிஞ்சிருக்குன்னா, அது ரொம்ப ரொம்ப தூரத்துல, ரொம்ப உயரத்துல இருந்திருக்கு. கையில தூக்கிட்டுப் போற ஒரு ட்ரோன் அங்கே போக முடியாது. அப்ப அது என்னதான்னு கேட்டேன். அதை இனிமேதான் பார்க்கணும், இப்போதைக்கு அடையாளம் தெரியலைன்னுதான் எழுதுவேன்னாங்க. தங்கச்சி பேரையும் விலாசத்தையும் வாங்கிக்கிட்டு, மறுநாள் அவங்க வீட்டுக்கும் போய் நேர்ல பார்த்து எழுதிக்கிட்டு வந்தாங்க.

அந்தத் தம்பியை அடுத்த நாள் காலையில விட்டாங்க. முன்னாடி மாடியில ட்ரோன் ஓட்டினது தப்புதான்னு அதுக்குத் தனியா எழுதி வாங்கிக்கிட்டாங்க, மிஷினைக் கொஞ்ச நாள் வச்சிருந்து கொடுத்தாங்க. என் வீட்டுக்காரரே ஸ்டேஷனுக்குப் போய் பைக்ல கூட்டிட்டு வந்தார். தாடியும் கசங்கின சட்டையுமா அவர் படியேறி வந்தப்ப நான் வாசல்லதான் நின்னேன். "தேங்க்ஸ் கா"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டார். தங்கச்சி வீட்டுக்காரரை ஏர்போர்ட்ல யாரும் நிறுத்தல. ஆனா அந்த மனுஷன் அஞ்சாறு மாசம் என்கூடப் பேசல. இப்ப பேசறார், ஃபோன் எடுத்ததும் பறக்கும் தட்டு ஏதாவது வந்துச்சான்னு கேக்காம விடறதில்ல.

இவ்வளவுதான் கதைன்னு நினைச்சிருந்தேன். நான் ஒரு நல்ல காரியம் பண்ணிட்டேன்னு உள்ளூர ஒரு கர்வம்கூட இருந்துச்சு. சில வாரம் கழிச்சு ஒரு நாள் கடையில கல்லாவுல இருக்கேன், அந்த சப்-இன்ஸ்பெக்டர் மஃப்டியில வந்தார். வீட்டுக் குழாய் ஒழுகுதாம், வாஷர் வேணும்னார். எடுத்துக் கொடுத்தேன். அப்ப அவராத்தான் பேச்சை ஆரம்பிச்சார்.

"உன் கீழ் வூட்டுக்காரன் நல்ல பையன்மா. அன்னிக்கு ஸ்டேஷன்ல மொத வேலையா அவனாண்ட கேட்டேன், மேல் வூட்டுக்காரங்க இன்னா மாதிரி, ஏர்ஃபோர்ஸ் பக்கமா வீடியோ எடுத்துகினு கீறாங்களேன்னு. உங்க மேல கைய காட்டியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான். 'வருஷா வருஷம் பிறை பாக்கறாங்க சார், நல்ல குடும்பம், அவங்கள இதுல இழுக்காதீங்க'ன்னு சொல்ட்டான்."

வாஷரைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு அவர் போயிட்டார். நான் கல்லாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஜீப்புல ஏறினப்ப நிமிர்ந்து பார்த்தாரே, அந்தக் கையோட போய் சொன்ன வார்த்தை அது. அதே நேரத்துல நான் மேலே, அவன் செஞ்சாலும் செஞ்சிருப்பான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். எங்களைப் பத்தி ஒரு சந்தேக வார்த்தை அவர் வாயில இருந்து வந்திருந்தா போதும், எங்க குடும்பம் என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருந்துச்சு. அன்னைக்குக் கடையைச் சாத்திட்டு வந்ததும் நேரா கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னக்கான்னு கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் தம்பின்னு சொல்லிட்டு அவங்க வீட்டுல உக்காந்து ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன்.

அந்த வெளிச்சம் என்னன்னு எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லல, நானும் கேக்கறதை விட்டுட்டேன். என்கூடப் பேசக்கூடச் செய்யாத ஒருத்தர், நான் இல்லாத இடத்துல, தனக்கு ஆபத்து இருக்கறப்ப என் வீட்டைக் காப்பாத்தி ஒரு வார்த்தை சொன்னாரேங்கறதை நினைச்சா மட்டும் இப்பவும் எனக்குக் கண்ணு நிறைஞ்சுடுது.